பலகைக்கு ஊற்றிய தண்ணீர்

1. பதினோரு வயதில் சர்க்கஸில் சேர்ந்தேன். அப்பா அச்சன்புதூரில் பிறர் வீட்டு வண்டிமாடு பார்த்தவர். கம்பெனியில் குதிரை பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். குடும்பத்தோடு போய்விட்டோம்.

2. பதினாலு வயதில் கத்தி எறியக் கற்றுக்கொண்டேன்.

3. அடுத்த ஒன்பது வருஷத்தில் நாலு கம்பெனி மாறினேன். நாலிலும் பதிலாள்தான்.

4. நாலாவது கம்பெனியில் முதல் ஆள் பேச்சிமுத்து அண்ணாச்சி. கத்தி குத்துகிற பலகையில் முதுகு சாய்த்து நிற்பவள் அவர் மனைவி பொன்னுத்தாய் மதினி.

5. யுத்த காலத்தில் ஒரு சித்திரை மாதம் தென்காசியில் கூடாரம் போட்டோம். ஆனியில் அங்கிருந்து குற்றாலத்துக்குப் போனோம்.

6. குற்றாலத்தில் மூன்றாம் நாள், பிற்பகல் ஆட்டத்தில், அண்ணாச்சியின் ஏழாவது கத்தி மதினியின் கையைக் கிழித்தது. அவர் அதோடு நிறுத்திவிட்டார்.

7. மிச்சமிருந்த ஐந்து கத்தியை நான் எறிந்தேன்.

8. மறுநாளிலிருந்து நான் முதல் ஆள். ஐந்து வருஷம்.

எட்டும் உண்மை. ஆனால் ஆறுக்கு முன்னால் வரவேண்டிய ஒன்றை நான் எழுதவில்லை. இதுவரை வேறு யாரும் எழுதவும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் தெருவில் சிரிப்பார்கள். சர்க்கஸில் அப்படித்தான், தோள் போனால் உத்தியோகம் போயிற்று. போன மாதம் கம்பெனியிலிருந்து இரண்டு பெண்கள் தென்காசியில் என் வீடு தேடி வந்தார்கள். ஒருத்தி கத்தி பழகுகிறாள். வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கும்முன்பே கேட்டாள்:

“அக்கா, குத்தாலத்துல பேச்சிமுத்து அண்ணாச்சிக்குக் கை நடுங்கிட்டாம்லா? அவருக்கு முன்னாலயே தெரியுமாம், மறைச்சுட்டாராம். அப்படியா?”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்லுதாங்க. பழக ஆரம்பிச்ச அன்னைக்கே மொத அதைத்தான் சொன்னாங்க. கை நடுங்குச்சுன்னா சொல்லிரு, பேச்சிமுத்து மாதிரி பொண்டாட்டி ரத்தத்தைப் பாத்துட்டு நிக்காதன்னு.”

ஒரு மனிதரின் இருபது வருஷ வேலை கடைசியில் ஒரு எச்சரிக்கையாக மிஞ்சியிருக்கிறது. அது பொய்யான எச்சரிக்கை. அது பொய் என்று அன்றுவரை தெரிந்தவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரில் முதலில் தெரிந்துகொண்டவள் நான்.

பதிலாள் என்றால் என்னவென்று முதலில் சொல்லவேண்டும். முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்தால், கை பிடித்துக்கொண்டால், மனசு விட்டுப்போனால், நடுவில் போய் நிற்கிறவள் பதிலாள். மற்ற நாளெல்லாம் தட்டு ஏந்துகிறவள். பன்னிரண்டு கத்தி அடுக்கிய தட்டோடு முதல் ஆளுக்கு வலப்பக்கம் இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பிடிப் பக்கம் நீட்ட வேண்டும். முடிந்ததும் பலகையிலிருந்து கத்திகளைப் பிடுங்க வேண்டும். முதல் ஆள் பலகையைத் தொடுவதில்லை, அது வழக்கம். எறிகிறவன் பலகையைத் தொட்டால் பலகைக்காரிமேல் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தமாம். யார் ஆரம்பித்ததோ தெரியாது. நான் இருந்த நாலு கம்பெனியிலும் இருந்தது.

கூப்பிடுவதற்குச் சொல் கிடையாது. முதல் ஆள் கையிலிருக்கும் கத்தியைத் தட்டில் திருப்பிப் படுக்க வைப்பார், பிடி நம் பக்கம் இருக்கும். வாத்தியக்காரர்கள் அதைப் பார்த்ததும் முரசை மாற்றி அடிப்பார்கள். ஜனங்கள் இதெல்லாம் ஆட்டத்தில் உள்ளதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். பலகையில் நிற்பவள் பன்னிரண்டாவது கத்தி நிற்கும்வரை இறங்கக்கூடாது. பாதியில் இறங்கியவள் மறுபடி ஏறமாட்டாள் என்பார்கள். முதல் கம்பெனியில் ஒருத்தி இறங்கினாள். ஏறவே இல்லை, கடைசியில் யானைக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

பதிலாளுக்கு இருக்கிற கஷ்டம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. முதல் ஆள் ஆட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் எறிந்து கையைச் சூடாக்கிக்கொள்வார். பதிலாளுக்கு அந்த அரைமணி நேரத்தில் கத்தி துடைக்கிற வேலை. கூப்பிட்டால் குளிர்ந்த கையோடு போய் நிற்க வேண்டும். நான் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து தட்டுக்கு அடியில் தோளோடு சேர்த்து வைத்துக்கொள்வேன். அதில் பாதிச் சூடு வரும்.

இன்னொரு கஷ்டம், பயந்துபோன உடம்பு ஒன்று ஏற்கெனவே பலகையில் இருக்கும். அந்தப் பயத்தை உண்டாக்கியது நான் அல்ல. ஆனால் அது என் கைக்கு வந்துவிடும். புனலூரில் இரண்டாவது கம்பெனியில் இருந்தபோது முதல் முறையாக இதை அனுபவித்தேன். முதல் ஆளுக்குக் குளிர்காய்ச்சல். பலகையில் ஒரு சின்னப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டு தோளை ஏற்றி ஏற்றி இறக்குகிறாள். கத்திக்கும் தோளுக்கும் நடுவே நாலு விரல்கடை இருந்தால் அதில் இரண்டு விரல்கடையை அவள் மூச்சே தின்றுவிடும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

“காலையில என்ன சாப்பிட்ட?”

அவள் யோசித்தாள். “புட்டு” என்றாள். யோசிக்கும்போது தோள் இறங்கிவிட்டது. மூன்று கத்தியை எறிந்தேன். அதற்குப் பிறகு எந்தப் பலகைக்காரியிடமும் அதையே கேட்டேன்.

அந்த ஒன்பது வருஷத்தில் எந்தக் கம்பெனியிலும் முதல் ஆளாகவில்லை. முதல் கம்பெனி கலைந்தது. இரண்டாவதில் முதல் ஆளின் தம்பி வளர்ந்து வந்தான். மூன்றாவதில் பெண் எறிந்தால் கூட்டம் கேலி செய்யும் என்றார்கள். நாலாவதில் பேச்சிமுத்து அண்ணாச்சி இருந்தார். அவர் இருக்கும்போது வேறு யாரும் தேவையில்லை.

அவர் திருவேங்கடத்துக்காரர். கரிசல் காட்டு ஆள், மெலிந்த உடம்பு, நீண்ட கை. காலையில் நான் தட்டோடு வந்தால் தினமும் ஒரே வரவேற்புதான்.

“வந்துட்டியாட்டி பதிலாளு? நான் இன்னும் சாகல.”

ஆட்டம் முடிந்தால், “இன்னைக்கும் உனக்கு வேலை இல்ல. போய்ச் சோறு தின்னு.”

மதினி பலகையிலிருந்து இறங்கிக்கொண்டே சொல்வாள்: “அவ நிக்கதைப் பாத்தா உங்க காரியத்துக்கு வந்தவ மாதிரியே நிக்கா. கொஞ்சம் சிரிச்சுட்டு நில்லேன் உலகு.”

என் பெயர் உலகம்மாள். நான் சிரிக்கிற ஆள் இல்லை.

எனக்கு அவர் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததைக் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு அடி தூரம், கத்தி ஒரு முழுச் சுற்று சுற்றிப் போகும். கத்திக்கு விளிம்பில் கூர் கிடையாது, நுனியில் மட்டும்தான். முழங்கால் பக்கம் இரண்டு, இடுப்பில் இரண்டு, அக்குளுக்குக் கீழே இரண்டு, தோளுக்கு மேலே கழுத்தோரம் இரண்டு, காதோரம் இரண்டு, தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. கத்தியைப் பார்க்க மாட்டார், பலகையையும் பார்க்க மாட்டார். மதினியின் வலது புருவத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பன்னிரண்டையும் எறிவார். “அங்கன பாத்தா மத்ததெல்லாம் தானா தெரியும்” என்று ஒருமுறை மதினியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்டுக்கொண்டேன்.

பலகை என் பொறுப்பு. இலவமரப் பலகை, நாலு விரல் கனம். இலவமரம் மெத்தென்று இருக்கும், ஆனால் காய்ந்தால் கல். காய்ந்த பலகையில் கத்தி தெறித்து வரும், கூட்டத்துக்குள்ளேயே போகும். எங்கள் கம்பெனி பெரும்பாலும் காய்ந்த ஊர்களில்தான் சுற்றியது. அதனால் கத்திப் பெட்டி மூடியின் உள்பக்கம் நான் ஒரு பட்டியல் எழுதி ஒட்டியிருந்தேன்.

ஒன்று, காலையில் பலகையைத் துடைக்க வேண்டும். இரண்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று, ஈரச் சாக்கு போட்டு மூடி நிழலில் சாய்க்க வேண்டும். நாலு, கத்தியைத் துடைத்து நுனி பார்க்க வேண்டும். ஐந்து, ஆட்டத்துக்கு ஒரு நாழிகை முன்னால் சாக்கை எடுக்க வேண்டும். மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும்போது பலகை கத்தியை நன்றாகப் பிடிக்கும்.

அந்தப் பட்டியலை ஒரு நாளும் நான் மீறியதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

தென்காசியில் ஒரு குறையும் இல்லை. சித்திரை வெயில், வைகாசிக் காற்று, பலகை ஒழுங்காகக் காய்ந்து ஒழுங்காக ஊறியது. ஆனி பிறந்ததும் சீசன் கூட்டத்தைப் பிடிக்க மானேஜர் குற்றாலத்துக்குப் புறப்படச் சொன்னார். வண்டிகளில் ஏற்றினால் மூன்றே மைல். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், ராத்திரி ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பகலில் இரண்டு ஆட்டம் வைத்தோம். அருவியில் குளித்துத் தலை துவட்டாமல் வருகிற கூட்டம். மேற்கே மலையில் மேகம் இறங்கியே கிடந்தது. சாரல் நின்றால் கூடாரத் துணி சொட்டும், துணி நின்றால் சாரல் ஆரம்பிக்கும். உப்புகூட டப்பாவில் கசிந்து கிடந்தது. என் ஒத்தட முடிச்சு வறுத்த அரைமணியில் நசநசவென்று ஆகிவிடும்.

முதல் நாள் இரண்டு குடம் ஊற்றினேன். இரண்டாம் நாள் இரண்டு குடம். மூன்றாம் நாளும் சாரலில் நனைந்துகொண்டே குடத்தை எடுத்துப் போனேன். சமையல் கொட்டகையில் நின்ற மதினி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏட்டி, வானம் ஊத்துதது போதாதா? நீயுமா ஊத்துத?”

“பட்டியல்ல இருக்கு மதினி.”

“நல்ல பட்டியலு போ.”

அதை நான் கேலியாக எடுத்துக்கொண்டேன். ஊற்றினேன். ஈரச் சாக்கும் போட்டேன். நடந்தது அவ்வளவுதான். ஆறுக்கு முன்னால் வரவேண்டியது இதுதான்.

அன்று பிற்பகல் ஆட்டத்தில் முதல் ஆறு கத்தியும் நின்றன. வழக்கமாகக் கத்தி பலகையில் நேர்க்குத்தாக நிற்கும். அன்று வால் கொஞ்சம் தாழ்ந்து நின்றன. பார்த்தேன். பார்த்ததை மனசுக்குள் எதனோடும் சேர்க்கவில்லை. ஏழாவது, வலது தோளுக்கு மேலே கழுத்தோரம். சரியான இடத்தில் போய் நின்றது, நான் பார்த்தேன். நின்றது, பிறகு பிடி தாழ்ந்தது, நுனி மரத்தைவிட்டு நழுவியது, கத்தி விழுந்தது. விழும்போது மதினியின் மேல்கையைத் தோள் முதல் முழங்கை வரை கீறிக்கொண்டு போனது. எறிந்ததற்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு இமைப்பொழுதுதான் இருக்கும். கூட்டம் கத்தி பட்டுவிட்டது என்றுதான் கூவியது. மதினியின் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, அந்தப் புருவம் சுருங்குவதை மட்டும்தான் பார்த்தார்.

எட்டாவது கத்தி அவர் கையில் இருந்தது. அதைத் தட்டில் திருப்பிப் படுக்க வைத்தார். பிடி என் பக்கம் இருந்தது. முரசு மாறியது.

கூடாரத்தின் ஓரத்தில் நின்ற மானேஜர் சங்குண்ணி, மலையாளத்துக்காரர், “நிக்கண்டா உலகு, போ, போ” என்று பல்லுக்குள்ளேயே சொன்னார்.

நான் போய் மதினி முன்னால் நின்றேன். கையிலிருந்து ரத்தம் விரல்வழியாகச் சொட்டியது. முகத்தில் ஒன்றுமில்லை.

“காலையில என்ன சாப்பிட்டிய?”

“நேத்து வச்ச கஞ்சி. ஏன், நீ மீன்கொழம்பு ஊத்தப் போறியா? எறிஞ்சு தொலை.”

பன்னிரண்டு அடியில் நின்று எட்டாவது கத்தியை இடது தோளோரம் எறிந்தேன். நின்றது. ஆனால் சத்தம் வேறாக இருந்தது. இலவமரத்தில் கத்தி இறங்கினால் ‘டக்’ என்று கேட்கும். அது ‘சொத்’ என்று கேட்டது. பிடி தாழ ஆரம்பித்தது, பாதியில் நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. குடம், சாக்கு, வால் தாழ்ந்த ஆறு கத்தி, எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன.

மிச்சம் நாலு இருந்தது. காதோரம் இரண்டு, தலைக்கு மேல் இரண்டு. அங்கேயிருந்து விழுந்தால் முகத்தில்தான் விழும். தூரத்தைக் குறைத்தேன், எட்டடி. அலகைப் பிடித்து அரைச் சுற்று எறிந்தால் கத்தி நேராகப் போகும், ஆழமாக இறங்கும். ஆனால் முழு பலமும் போட வேண்டும், கை சூடாக இருக்க வேண்டும். என் கை சூடாக இல்லை. நாலையும் முழு பலத்தோடு எறிந்தேன். மூன்றாவதில் தோளுக்குள் ஒரு நார் அறுந்தது போல இருந்தது. நாலும் நின்றன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என் தோளில் அன்று ஆரம்பித்த வலிதான், ஐந்து வருஷத்தில் வேலையை முடித்துவைத்தது.

மதினி இறங்கிப் போனபின் கத்திகளைப் பிடுங்கினேன். காய்ந்த பலகையில் ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க வேண்டும். அன்று வாழைத்தண்டிலிருந்து வருகிற மாதிரி வந்தன. கட்டைவிரலை மரத்தில் வைத்து அழுத்தினேன். நகம் மறையும்வரை இறங்கியது.

பின்கூடாரத்தில் மதினியின் கையில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்ல, கீறல்தான்” என்றாள் மதினி. “நாளைக்கு ஏறிருவேன்.”

“நீ ஏறுவ. நான் எறியணும்லா” என்றார்.

மானேஜர் என்னைப் பார்த்து, “நாளைக்கு நீ” என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. “பலகை ஊறிப்போச்சு, தப்பு என்னுது” என்றால் போதும், நாலு சொல். நான் சொன்னது “சரி.”

ஏன் என்று பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. ஒன்பது வருஷம் தட்டு ஏந்திய அலுப்பு ஒன்று. நாலு நாளில் அவரே திரும்பி வந்துவிடுவார், அப்புறம் எதற்குச் சொல்லவேண்டும் என்ற சமாதானம் ஒன்று. மூன்றில் எது பெரியது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டாவதாக இருக்கலாம்.

மறுநாள் தண்ணீர் ஊற்றவில்லை. பலகையைச் சமையல் கொட்டகையில் அடுப்புக்குப் பின்னால் சாய்த்துவைத்தேன். மூன்று நாளில் பலகை பழையபடி ஆகிவிட்டது. அதுவரை மதினிக்குப் பதில் வைக்கோல் பொம்மையை நிற்கவைத்து ஒப்பேற்றினோம். என் தப்பை நானே திருத்தினேன். திருத்தியதில் அது நடந்த அடையாளமே போய்விட்டது.

அதன் பலன் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் அண்ணாச்சி ஒரு காலையில் யாரும் இல்லாதபோது வந்து, வெறும் பலகையில் பன்னிரண்டு கத்தியும் எறிந்து பார்த்தார். பன்னிரண்டும் குத்திட்டு நின்றன. நான் கூடாரத் துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு வேறு. பலகை சரியாக இருக்கிறது, கத்தி சரியாக இருக்கிறது. ஆகவே ஆள் நின்றால்தான் கை கெட்டுப்போகிறது. என் திருத்தம் அவருக்குச் சாட்சியாகிவிட்டது.

ஆடி முடிந்து சீசன் கலைந்ததும் கம்பெனி திருவேங்கடத்துக்குப் போனது. அவருடைய சொந்த ஊர். கத்தியில்லாமல் கேட்டில் நின்று சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர் ஒருவர் வரிசையில் நின்றபடி சத்தமாகக் கேட்டார்:

“என்ன மச்சான், கத்திய விட்டுட்டுச் சீட்டு கிழிக்கீரு? அதாவது நேராக் கிழியுதா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி சீட்டை நேராகத்தான் கிழித்துக் கொடுத்தார். “உள்ள போவே, நாற்காலி காத்துக்கிட்டு கெடக்கு” என்றார்.

அன்று ஆட்டம் முடிந்ததும் அவரிடமும் மதினியிடமும் போய்ச் சொன்னேன். குடம், சாக்கு, கட்டைவிரல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“நீங்க எறிஞ்சிய அண்ணாச்சி, அது சரியா நின்னுச்சு. நான் கண்ணால பாத்தேன். மரம்தான் விட்டுட்டு.”

மதினிதான் பேசினாள்.

“எனக்கு ரத்தம் வந்தது போவட்டும். ரெண்டு மாசமா இந்த மனுசன் கையைத் தூக்கிப் பாத்துப் பாத்து வச்சுக்கிட்டு இருக்காரு. நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்னியே ஏட்டி. எப்படி எறங்குச்சு?”



“பொன்னுத்தாயி, வா” என்றார் அண்ணாச்சி.

மறுநாள் காலையில் அவள் பலகையில் போய் நின்றாள். காய்ந்த ஊர், காய்ந்த பலகை, பட்டியல்படி ஊறி மேலே காய்ந்திருந்தது. நான் தட்டோடு நின்றேன். வழக்கத்தை மீறி அவரே பலகையைத் தட்டிப் பார்த்தார். மதினி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். திரும்பி வந்து பன்னிரண்டு அடியில் நின்று கத்தியை வாங்கினார். கை தலைக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. கத்தி நுனி காற்றில் சின்னச் சின்ன வட்டம் போட்டது. இறக்கினார்.

“எறியுங்க” என்றாள் மதினி. “நான் கண்ணை மூடிக்கவா?”

“மூடாத. புருவம் தெரியாது.”

மறுபடி தூக்கினார். மறுபடி நடுங்கியது. மூன்றாவது தடவை தூக்கவில்லை. கத்தியைத் தட்டில் நேராகவே வைத்தார், திருப்பிப் படுக்க வைக்கவில்லை. என்னைக் கூப்பிடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

“அண்ணாச்சி, கொஞ்ச நாள் ஆனா...”

“அன்னைக்கு நடுங்கலன்னு நீ சொல்லுத. நம்புதேன். அன்னைக்கே நீ சொல்லிருந்தா மறுநாள் எறிஞ்சிருப்பேன்.” கையை நீட்டிக் காட்டினார். “இன்னைக்குப் பலகை காஞ்சுதான இருக்கு? இதுக்கு எந்தக் குடத்தைச் சொல்லுவ?”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

மானேஜரிடமும் போய்ச் சொன்னேன். அவர் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், “இப்ப அவன் கை நடுங்குதோ, இல்லையோ?” என்றார்.

“நடுங்குது.”

“பின்ன எந்தா? கத சரிதன்னே. நீ போய் எறி.” கை நடுங்கியது என்ற கதை சரிதானே, அதற்குமேல் என்ன என்கிறார்.

என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. நீக்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கம்பெனி தை மாதம் மறுபடி தென்காசி வந்தபோது அண்ணாச்சி விலகிக்கொண்டார். மதினி விலகவில்லை. ஐந்து வருஷம் எனக்குப் பலகையில் நின்றாள். “உன்னை நம்பி நிக்கல. வயித்துக்கு நிக்கேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். காலையில் என்ன சாப்பிட்டிய என்று நான் கேட்டால் பதில் சொல்லமாட்டாள். அவள் மூச்சுக்கு அது தேவையும் இல்லை. ஐந்து வருஷத்தில் அவள்மேல் ஒரு கீறல் விழவில்லை. நான் திறமையானவள் என்று பேர் வந்தது. அந்தப் பேரை ஒவ்வொரு ஆட்டத்திலும் தோள்வலியோடு சேர்த்துச் சுமந்தேன். ஒரு நாள் தோளுக்கு மேல் கை போகவில்லை. அவ்வளவுதான். நானும் இறங்கினேன், அவளும் இறங்கிவிட்டாள்.

போன மாதம் வந்த இரண்டு பெண்களிடமும் இதைச் சொன்னேன். ஒருத்தி தலையாட்டினாள். மற்றவள், “ஆனா கை நடுங்குனது நெசம்தான அக்கா?” என்றாள். மானேஜர் கேட்ட அதே கேள்வி. வாயால் சொன்னால் இப்படித்தான் போகிறது என்று தெரிந்ததால் எழுத உட்கார்ந்தேன். நடந்த வரிசையில் எழுதினால்தான் எது முதலில், எது பிறகு என்பது தெரியும். முதலில் நடுங்கியது அவர் கை அல்ல. முதலில் தவறியது என் கை, குடத்தைத் தூக்கிய கை. பிறகு என் வாய். அவர் கை கடைசியில்தான் நடுங்கியது.

இப்போதைய நிலைமை இது. கம்பெனி நடக்கிறது. பேச்சிமுத்து அண்ணாச்சியும் பொன்னுத்தாய் மதினியும் குத்துக்கல்வலசையில் இருக்கிறார்கள். அவர் தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு ஜட்கா ஓட்டுகிறார். கடிவாளம் பிடித்தால் கை நடுங்குவதில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் அந்த ஜட்காவில் ஏறியதில்லை. இதைப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன், உங்கள் பெயரை மாற்றிப் போடட்டுமா என்று ஆள் மூலம் கேட்டு அனுப்பினேன். “எல்லாத்தையும் எழுதட்டும். பேரை மாத்த வேண்டாம்” என்று பதில் வந்தது. மாற்றவில்லை.